கடைமடை ஊருக்கு ஒரு வெள்ளப் படம்: விவசாயிகளே தயாரிக்கும் முறை

காவிரி டெல்டாவின் கடைமடையில் உள்ள விவசாயிக்கு ஆடி மாதத்தில் ஒரு கவலை, ஐப்பசியில் வேறொரு கவலை. ஆடியில் தண்ணீர் வந்து சேருமா என்று காத்திருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் வந்த தண்ணீர் வடியுமா என்று காத்திருப்பார். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் கடலோர ஊர்களில் சம்பாப் பயிரின் கதி பெரும்பாலும் இந்த இரண்டாவது கவலையில்தான் அடங்கியிருக்கிறது.

வெள்ளம் ஓர் ஊர் முழுவதையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு நாளில் வடியும். அந்தப் பக்கம் பத்து நாள் நிற்கும். இரண்டு வயலுக்கும் உயர வித்தியாசம் அரை அடிதான் இருக்கும். இந்த விவரம் வயலுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியும். ஆனால் அது அவரோடு நின்றுவிடுகிறது. எந்த மதகு அடைத்துக்கொள்ளும் என்பது நீர் பாய்ச்சுபவருக்குத் தெரியும். எந்தத் தெரு முதலில் முழுகும் என்பது அந்தத் தெருப் பெண்களுக்குத் தெரியும். இப்படித் தனித்தனியாகக் கிடக்கும் அனுபவத்தை ஒரே தாளில் கொண்டுவருவதே வெள்ளப் படம் தயாரிப்பதன் நோக்கம். இதற்குப் பெரிய செலவு இல்லை. நான்கைந்து நாள் உழைப்பும், பத்துப் பேர் ஒத்துழைப்பும் போதும்.

அரசுப் படங்கள் போதாதா?

இந்தியாவில் எந்தெந்த மாவட்டங்களுக்குப் புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றால் ஆபத்து என்று காட்டும் படத்தொகுப்பு 1997இல் வெளியாயிற்று. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் வழியாக வெள்ளம் சூழ்ந்த பகுதிகளைப் படம் எடுக்கிறது. மேகம் மூடியிருந்தாலும் ரேடார் கதிர்கள் ஊடுருவிச் செல்வதால் மழைக் காலத்திலும் இது இயலும். மாவட்ட நிர்வாகமும் தாழ்வான இடங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. இவை மிகவும் பயனுள்ளவை. எந்த வட்டத்துக்கு முன்கூட்டியே படகு அனுப்புவது, எங்கே நிவாரண முகாம் அமைப்பது என்று முடிவு செய்ய இவை இல்லாமல் முடியாது.

ஆனால் எந்த வயலில் எந்த ரகம் நடுவது என்று இவை சொல்லமாட்டா. நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். அதில் உயரக் கோடுகள் பத்து மீட்டர், இருபது மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். சரிவே இல்லாத கடைமடையில் இரண்டு கோடுகளுக்கு நடுவே பல ஊர்கள் அடங்கிவிடும். அரை அடி மேடு பள்ளம் அதில் தெரியாது. பயிரின் வாழ்வும் சாவும் அந்த அரை அடியில் இருப்பதால் ஊர்ப் படத்தை ஊரார்தான் வரைய வேண்டும்.

எப்போது, யார் தயாரிப்பது?

சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. வயல்கள் காய்ந்திருப்பதால் நடந்து பார்க்கலாம். சென்ற மழையின் நினைவும் மறைந்திருக்காது.

பெரிய நிலக்காரர்கள் மட்டும் கூடித் தயாரித்தால் படம் குறையுடையதாகவே இருக்கும். வயது முதிர்ந்தவர்கள், குத்தகைதாரர்கள், விவசாயத் தொழிலாளர்கள், நீர் பாய்ச்சுபவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், உள்ளூர் மீனவர்கள் ஆகியோர் இருக்க வேண்டும். பெண்களைத் தவறாமல் அழைக்க வேண்டும். வெள்ள நாட்களில் குடிநீர் எங்கே கிடைத்தது, எந்தக் கைப்பம்பு முழுகியது, அடுப்பு எரிக்க எங்கே இடம் இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

அடிப்படைப் படம்

முதலில் கிராம வரைபடத்தின் நகல் ஒன்றைப் பெற வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இதனைப் பார்க்கலாம். தனித்தனிச் சர்வே எண்களுக்கான புலப்படங்களைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலும் பெறலாம். வரைபடத்தைப் பெரிய தாளில் பெரிதாக்கி வரைந்துகொண்டு, சர்வே எண்கள், ஆறு, பாசன வாய்க்கால், வடிகால், மதகு, குளம், சாலை, குடியிருப்பு, பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பாசன வாய்க்காலை நீல நிறத்திலும் வடிகாலைக் கறுப்பு நிறத்திலும் காட்டினால் குழப்பம் வராது. தண்ணீர் ஓடும் திசையை அம்புக்குறியால் காட்டுவது அவசியம்.

எந்த ஆண்டுகளைக் கேட்பது?

“வெள்ளம் எதுவரை வந்தது?” என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஆண்டைச் சொல்லிக் கேட்க வேண்டும். இப்பகுதி மக்கள் மறக்காத ஆண்டுகள் சில உண்டு. 1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த பெருமழை, 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் ஆகியவை முக்கியமானவை.

ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது? எவ்வளவு உயரம் நின்றது? எத்தனை நாளில் வடிந்தது? முழங்கால், இடுப்பு என்று சொல்வதைவிடச் சுவரில், தூணில், மரத்தில் அடையாளம் காட்டச் சொல்வது நல்லது. ஒருவர் சொன்னதை வேறு இருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே படத்தில் ஏற்ற வேண்டும்.

உயரத்தைவிட நாள் முக்கியம்

வீட்டுக்குத் தண்ணீரின் உயரம் முக்கியம். நெற்பயிருக்கு உயரத்தோடு நாளும் முக்கியம். பயிர் முழுவதும் முழுகினாலும் ஓரிரு நாளில் தலை தெரிந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு மேல் முழுகிக் கிடந்தால் சாதாரண ரகங்கள் அழுகிவிடும். ஆகவே வயல்களை நாள் கணக்கில் மூன்று நிறமாகப் பிரிக்கலாம்.

பச்சை: பெருமழைக்குப் பின் இரண்டு நாளுக்குள் வடியும் வயல்கள்.

மஞ்சள்: மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை தண்ணீர் நிற்கும் வயல்கள்.

சிவப்பு: ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் வயல்கள்.

ஒரே சர்வே எண்ணில் மேட்டுக்காலும் பள்ளக்காலும் இருந்தால் அதையும் பிரித்தே காட்ட வேண்டும்.

மட்டம் பார்ப்பது

நினைவு சில இடங்களில் ஏமாற்றும். அங்கே மட்டம் பார்த்துவிடுவது நல்லது. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயே இதற்குப் போதும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இருவர் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

ஊரில் மாறாத ஓர் இடத்தை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துப் படி என்று வைத்துக்கொள்வோம். குழாயின் ஒரு முனையைப் படியிலும் மறு முனையை வயலிலும் பிடிக்கிறார்கள். படியிலிருந்து தண்ணீர் மட்டம் 60 சென்டிமீட்டர், வயல் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் 102 சென்டிமீட்டர் என்றால் வயல் படியைவிட 42 சென்டிமீட்டர் தாழ்வு. சென்ற வெள்ளத்தின் கறை படிக்கு மேல் 20 சென்டிமீட்டர் இருந்தால், தேங்கி நின்ற அந்த வெள்ளம் வயலில் 62 சென்டிமீட்டர் நின்றிருக்கும். தொலைவான வயலுக்குக் குழாய் எட்டாது. வழியில் முளை அடித்து, ஒவ்வொரு கட்டமாக அளந்து கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும்.

இதைவிட எளிய வழியும் உண்டு. ஓட்டம் நின்று தேங்கிய வெள்ளத்தின் மேற்பரப்பு ஒரே மட்டமாக இருக்கும். வெள்ளம் தேங்கிய ஒரு நாளில், ஒரே நேரத்தில் பல இடங்களில் குச்சியை விட்டு ஆழம் அளந்தால், ஆழ வித்தியாசமே நிலத்தின் உயர வித்தியாசம். ஓடும் நீரில் இறங்கி இப்படி அளக்கக் கூடாது.

தண்ணீர் ஏன் நிற்கிறது?

ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் தண்ணீர். நூறு ஏக்கருக்கு ஒரு வடிகால் என்றால் அந்த ஒரு நாளில் 4 கோடி லிட்டர் அதன் வழியே போயாக வேண்டும். வடிகால் பாதி அடைபட்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சிவப்பு நிறம் பூசிய ஒவ்வோர் இடத்திலிருந்தும் வடிகால் வழியே நடந்து சென்று தடைகளைக் குறிக்க வேண்டும். பொதுவாகக் காணும் தடைகள்: ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவற்றின் அடைப்பு, தூர்ந்துபோன வடிகால், மதகு இல்லாமல் போட்ட சாலை, தேவைக்குச் சிறிதான குழாய்ப் பாலம், பலகை கெட்டுத் தூக்க முடியாத மதகு, கரையைச் சரித்துச் செய்த ஆக்கிரமிப்பு. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, இடத்தையும் தேவைப்படும் வேலையையும் தனித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடலோர ஊர்களில் இன்னொரு தடையும் உண்டு. கடல் பொங்கியிருக்கும்போது ஆற்று முகத்துவாரம் தண்ணீரை வாங்குவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் அதிகம் ஏறும். அந்த நாட்களில் பெருமழை பெய்தால் வடிவதற்குக் கூடுதல் நாள் ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டும். கடைமடைக் கதவணைகளை எந்த நேரத்தில் திறந்து மூடுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிவைப்பது நல்லது.

காற்றும் உப்பும்

புயலில் தண்ணீர் மட்டும் சேதம் செய்வதில்லை. கஜா புயலில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் விழுந்தன. மரங்கள் சாலையில் விழுந்ததால் பல ஊர்களுக்கு உதவி போய்ச் சேரத் தாமதமாயிற்று. எந்தச் சாலையில் மரங்கள் விழும், எந்த வழி திறந்திருக்கும், எந்த வீட்டின் மேல் மரம் சாயும் என்பதைப் படத்தில் காட்ட வேண்டும்.

கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும் புயலின் கண் ஊரின் மேல் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து காற்று வீசும். பிறகு சிறிது நேரம் அமைதி. அதன் பின் தெற்கிலிருந்து மீண்டும் பலமாக வீசும். நடுவில் வரும் அமைதியைக் கண்டு புயல் ஓய்ந்தது என்று வெளியே வருவது உயிருக்கே ஆபத்து. வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் இரு திசைக் காற்றுக்கும் தயார் செய்ய வேண்டும்.

2004 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலி கொண்டது. முகத்துவாரங்கள், உப்பனாறுகள் வழியாகக் கடல்நீர் உள்ளே புகுந்து நிலங்களையும் கெடுத்தது. ஆகவே கடல்நீர் புகும் வழிகளையும் மணல் மேடுகளையும் படத்தில் தனியே குறிக்க வேண்டும். மணல் மேடு கடலலையைத் தடுக்கும் இயற்கைக் கரை ஆகும். அதை வெட்டி எடுத்த இடங்களில்தான் தண்ணீர் எளிதில் உள்ளே வரும். கோடையில் வெள்ளை பூக்கும் வயல்கள், உப்புக் கரிக்கும் கிணறுகள் ஆகியவற்றைக் குறித்து, மண்ணையும் நீரையும் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மண்ணின் மின்கடத்தும் திறன் 4 டெசிசைமன்ஸுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம்.

குடியிருப்புகள்

பயிரைவிட உயிர் பெரிது. பல ஊர்களில் விவசாயத் தொழிலாளர் குடியிருப்புகள் பள்ளமான இடத்திலேயே அமைந்துள்ளன. தண்ணீர் முதலில் அங்கே நுழையும். சில இடங்களில் வீட்டில் தண்ணீர் ஏறுமுன்னே வெளியேறும் பாதை முழுகிவிடும். ஆகவே வீடுகளை மட்டும் அல்லாமல் பாதைகளையும் மூன்று நிறத்தில் காட்ட வேண்டும். பாதை முழுகுமுன் புறப்பட்டாக வேண்டும் என்பது படத்தைப் பார்த்ததுமே விளங்கும்.

தனியாக வாழும் முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள், நடக்க இயலாதவர்கள் ஆகியோர் இருக்கும் வீடுகளை அவர்கள் சம்மதத்துடன் குறித்து, யார் அழைத்து வருவது என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆடு மாடுகளை ஓட்டிச் செல்ல மேடான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படத்தில் காட்ட வேண்டும். கொண்டு செல்ல இயலாத மாடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். கட்டிக் கிடக்கும் மாடு நீந்தித் தப்ப இயலாது.

படத்தைக் கொண்டு செய்ய வேண்டியவை

படம் வரைந்து சுருட்டி வைப்பதால் பயனில்லை. அதைக் கொண்டு நான்கு முடிவுகள் எடுக்க வேண்டும்.

முதலாவது, ரகத் தேர்வு. சிவப்பு வயல்களுக்கு முழுகலைத் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற நீண்ட கால ரகம் ஏற்றது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து பெற்ற மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரகம் இது. இளம் பயிராகவும் தூர் கட்டும் பருவத்திலும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை முழுகலைத் தாங்கும். பூக்கும் பருவத்தில் முழுகினால் இதற்கும் பாதுகாப்பு இல்லை. ஆகவே ரகத்தை மாற்றினால் மட்டும் போதாது. பெருமழைக்குமுன் பயிர் வேர் பிடித்துத் தூர் கட்டியிருக்கும்படி பருவத்தில் விதைப்பதும் அவசியம். களர், உவர் வயல்களுக்கு டி.ஆர்.ஒய். 3 போன்ற ரகங்கள் குறித்து வேளாண்மை அலுவலரிடம் ஆலோசனை பெறலாம்.

இரண்டாவது, நாற்றங்கால். சொந்த வயல் சிவப்பில் இருந்தால் அங்கே நாற்று விடுவது ஆபத்து. பச்சை வயல் வைத்திருப்பவரோடு பேசி அங்கே நாற்று விடலாம். நான்கைந்து பேர் சேர்ந்து கொஞ்சம் கூடுதலாக நாற்று விட்டுவைத்தால், நட்ட பயிர் அழுகினாலும் போக்கு நடவுக்கு அலைய வேண்டியதில்லை. விதைநெல், உரம், வைக்கோல் போர் ஆகியவற்றையும் பச்சைப் பகுதியிலேயே வைக்க வேண்டும்.

மூன்றாவது, வடிகால் வேலை. தடைகளின் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். செடிகளை அகற்றுதல், சிறு வாய்க்கால் தூர்வாருதல் போன்றவற்றை ஊரார் கூடி ஆவணிக்குள் முடிக்கலாம். மதகு பழுது, பாலம் போன்றவற்றை ஆகஸ்ட் 15 கிராம சபையில் படத்துடன் வைத்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் மனுவோடு படத்தின் நகலை இணைத்துக் கொடுக்கலாம். “எங்கள் ஊரில் தண்ணீர் நிற்கிறது” என்ற மனுவைவிட, இன்ன இடத்து மதகு அடைபட்டதால் இன்னின்ன சர்வே எண்களில் இத்தனை ஏக்கர் முழுகுகிறது என்ற மனுவுக்கு வலிமை அதிகம்.

நான்காவது, பயிர்க் காப்பீடு. காப்பீட்டுக் கட்டணத்தைக் காலக்கெடுவுக்குள் செலுத்தி, சர்வே எண்ணும் பயிரும் அடங்கலில் சரியாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கணக்கெடுப்புக்கு வரும் அலுவலர்களுக்கு இந்தப் படம் வழிகாட்டும். குத்தகைதாரர்களின் பயிர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதற்கும் உதவும்.

மழை அளவும் எச்சரிக்கையும்

வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டர் முதல் பெய்யும் மழையைக் கன மழை என்றும், 11.56 முதல் மிகக் கன மழை என்றும், 20.44 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் அதி கன மழை என்றும் கூறுகிறது. இந்த எண்கள் ஊருக்குப் பொருள்பட வேண்டுமானால் உள்ளூரில் அளந்து பார்க்க வேண்டும்.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் தண்ணீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதினால் அதுவே மழை அளவு. முக்கிய வடிகாலின் பாலத்தூணில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு, அதே நேரத்தில் நீர்மட்டத்தையும் எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். இரண்டு மூன்று பருவம் எழுதிவந்தால், எத்தனை சென்டிமீட்டர் மழைக்கு எந்த வயல் முழுகும், எந்தப் பாதை அடைபடும் என்பது விளங்கிவிடும். அதன் பிறகு வானொலியில் ‘மிகக் கன மழை’ என்று கேட்டதும் யார் புறப்பட வேண்டும், எந்த மதகைத் திறக்க வேண்டும் என்பதில் தயக்கம் இராது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070 ஆகியவற்றைப் படத்தின் ஓரத்திலேயே பெரிதாக எழுதிவைக்க வேண்டும்.

ஆண்டுதோறும் திருத்துக

புதிய சாலை, புதிய மனைப்பிரிவு, இறால் குட்டை, உயர்த்திய கரை எதுவானாலும் தண்ணீரின் போக்கை மாற்றிவிடும். பத்து ஆண்டுக்கு முன் பச்சையாக இருந்த வயல் இன்று சிவப்பாகியிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு மழைக் காலமும் முடிந்த பிறகு ஊரார் ஒருநாள் கூடிப் படத்தைத் திருத்த வேண்டும். இதுவரை வராத அளவு வெள்ளமும் வரக்கூடும் என்பதால், பழைய கறைக்கு மேலே இன்னும் சிறிது உயரம் சேர்த்தே பாதுகாப்பான இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

படத்தின் மூன்று நகல்கள் வேண்டும். ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று பள்ளிக்கூடத்தில், மற்றொன்று பள்ளத்துக் குடியிருப்பில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். மழை பெய்யத் தொடங்கிய பிறகு படம் வரைய நேரம் இராது. மாசி, பங்குனியில் வரைந்த படம் ஐப்பசியில் பயிரையும் காக்கும், உயிரையும் காக்கும்.